படுத்த படுக்கையாக ஒரு மகள்

அத்தியாயம் 17

சனிக்கிழமை விடிந்துவிட்டது. இந்த ஒரு நாள் மட்டும் விடியாமல் இருந்தால் தேவலை என்று மீட்டர்காரர் நினைத்தார். அவர் நினைப்பதையெல்லாம் யார் கேட்கிறார்கள்.

போன வாரம் அவருடைய மனைவி, அவர் குளித்துவிட்டு வருவதற்குள் தொலைபேசியை எடுத்து, 'சனிக்கிழமை நாலு மணிக்கு வீட்டுக்கு வாங்க' என்று ஒரு மனிதரை அழைத்துவிட்டாள் அல்லவா? அந்த மனிதரைப் பற்றி இரண்டு வார்த்தை. ஒரு காலத்தில் நாட்டு அணியின் கோல்கீப்பர். ஆறடி நாலங்குலம். ரசிகர்கள் வைத்த பெயர் நெட்டை. பந்தைப் பிடித்தால் திருப்பி எறிகிறார், கடிதத்தைப் பிடித்தால் திருப்பி அனுப்ப மாட்டேன் என்கிறாரே என்று மீட்டர்காரர் அந்தக் காலத்தில் அலுத்துக்கொள்வதுண்டு.

மீட்டர்காரர் முப்பது வருஷம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்து எழுதி ஓய்வு பெற்றவர். ஒரு எண்ணைக்கூட மாற்றி எழுதியதில்லை, தன் வீட்டு மீட்டரையும் சேர்த்துத்தான். வேலை போக மீதி நேரமெல்லாம் அவருக்கு ஒரே பித்து. தபாலில் விளையாட்டு வீரர்களின் கையெழுத்து வாங்குவது.

அதற்கு ஒரு முறை உண்டு. கோடில்லாத வெள்ளை அட்டை ஒன்று. அது மடங்காமல் இருக்க சோப்புப் பெட்டியிலிருந்து வெட்டிய தடித்த அட்டை ஒன்று. தன் விலாசத்தைத் தானே எழுதி, தபால்தலையும் ஒட்டி, மூன்றாக மடித்து வைத்த உறை ஒன்று. கூடவே ஒரு கடிதம். வீரர் கையெழுத்தைப் போட்டு உறையை ஒட்டிப் பெட்டியில் போட்டால் போதும். வீரரின் விலாசம், அனுப்பிய தேதி, வந்த தேதி மூன்றும் நோட்டில் ஏறும்.

நெட்டைக்கு மூன்று தரம் எழுதினார். பதில் இல்லை. தபால்தலை விற்கிற கடைக்காரர் ஒருவர், "சும்மா ரசிகன்னு எழுதினா யார் சார் மதிப்பாங்க, மனசைத் தொடற மாதிரி எழுதுங்க" என்று யோசனை சொன்னார். நாலாவது கடிதத்தில் மீட்டர்காரர் இப்படி எழுதினார்: 'என் எட்டு வயது மகள் இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் படுத்த படுக்கையாக இருக்கிறாள். உங்கள் ஆட்டத்தை வானொலியில் கேட்கும்போது மட்டும்தான் சிரிக்கிறாள்.'

அந்த மகள் அப்போது மாடிப்படிக் கைப்பிடியில் சறுக்கித்தான் கீழே இறங்குவாள். படியில் கால் வைத்து இறங்கச் சொல்லித் தினமும் திட்டு விழும்.

அந்தக் கடிதத்துக்கும் பதில் வரவில்லை. அதாவது, இருபத்துமூன்று வருஷம் வரவில்லை. போன மாதம் வந்தது. பழைய கிளப் கட்டடத்தை இடித்தபோது மூட்டை மூட்டையாகக் கடிதங்கள் கிடைத்து, அவற்றை நெட்டையிடம் சேர்த்திருக்கிறார்கள். உறையின் மேல் அன்றைக்கு மீட்டர்காரர் தானே எழுதி வைத்த விலாசம். உள்ளே நெட்டை கையெழுத்திட்ட அட்டையும் நாலு பக்கக் கடிதமும். 'அந்தக் குழந்தை இப்போது எப்படி இருக்கிறாள் என்று கேட்கவே பயமாக இருக்கிறது' என்று எழுதி, தன் தொலைபேசி எண்ணையும் கொடுத்திருந்தார். மீட்டர்காரர் ஒளித்து வைத்த இடத்திலிருந்து மனைவி அதை எடுத்துப் படித்தபோதுதான் விஷயமே அவளுக்குத் தெரிந்தது.

அந்தக் குழந்தைக்கு இப்போது முப்பத்தொரு வயது. செயற்கைப் பல் செய்து கொடுக்கும் கூடத்தில் வேலை. எட்டு மாதத்துக்கு முன்னால் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து, இடது முழங்கால் நொறுங்கி, இரண்டு அறுவை சிகிச்சை முடிந்து, ஊன்றுகோலோடு பெற்றோர் வீட்டில் வந்து இருக்கிறாள்.

கடிதத்தைப் படித்த மனைவி சண்டை போடவில்லை. "நீங்க எழுதினது நடந்துடுச்சு, பாத்தீங்களா" என்றாள். அன்றிலிருந்து மீட்டர்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"சொல்லிட்டீங்களா?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"இப்பதானே எழுந்திருக்கா."

"நாலு மணிக்குள்ள நீங்க சொல்லணும். இல்லைன்னா அவர் வாயால அவளுக்குத் தெரியும். எது வசதியோ பாத்துக்குங்க."

"நீ அவரைக் கூப்பிட்டிருக்கவே கூடாது."

மனைவி பால் பாத்திரத்தை இறக்கி வைத்தாள். "'குழந்தை இருக்காளா'ன்னு கேட்டார். எப்படி இருக்கான்னு கேக்கலை. இருக்காளான்னு கேட்டார். அந்தக் குரலைக் கேட்டிருந்தா நீங்களும்தான் கூப்பிட்டிருப்பீங்க."

மீட்டர்காரர் மகளின் அறைக்குப் போனார். அவள் கட்டிலில் உட்கார்ந்து, கணுக்காலில் மணல் பையைக் கட்டிக்கொண்டு காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தாள். தினமும் முப்பது தரம். பதினெட்டாவதில் அலுத்துப்போய்ப் பையை அவிழ்த்து எறிகிறவள், இன்றைக்கு இருபத்தாறு எண்ணிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, எண்ணுங்க. எனக்கு மூச்சு வாங்குது."

"இருபத்தேழு. இருபத்தெட்டு." அவர் எண்ணினார். சொல்ல வேண்டியது தொண்டை வரைக்கும் வந்திருந்தது.

"நெட்டை என்னையும் பாக்கணும்னு சொன்னாராமே, அம்மா சொன்னா. என்னைப் பத்தி அப்படி என்ன எழுதினீங்க?"

கேள்வியே வாசலைத் திறந்து வைத்திருந்தது. உள்ளே போக வேண்டியதுதான் பாக்கி.

"ஸ்டாம்ப் ஒட்டித் தர்ற பொண்ணு ஒருத்தி இருக்கான்னு எழுதினேன்" என்றார்.

அவள் முகம் மலர்ந்துபோயிற்று. எட்டு மாதத்தில் அந்த முகத்தை அவர் பார்த்ததில்லை. பழைய பொய்யை எடுக்கப் போன இடத்தில் புதுப் பொய் ஒன்றை வைத்துவிட்டு வெளியே வந்தார். தன் மேலேயே அவருக்குக் காறித் துப்ப வேண்டும் போல இருந்தது.

பத்து மணிக்கு மகள் அவரை பேக்கரிக்கு அனுப்பினாள். உப்பு பிஸ்கட், இனிப்பு பிஸ்கட் இரண்டும் வேண்டுமாம். போகும்போதும் வரும்போதும் மனதுக்குள் ஒத்திகை. 'அம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.' வேண்டாம், பயந்துவிடுவாள். 'ஒரு தமாஷ் தெரியுமா?' சே. ஒன்றும் சரிப்படவில்லை. திரும்பி வந்தால் அவள் பச்சை நிறச் சட்டை போட்டு, தலையைப் பின்னி, கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். ஊன்றுகோல் கண்ணாடியில் தெரியாதபடி ஒரு பக்கமாகத் திரும்பி நின்று பார்த்துக்கொண்டாள். சாப்பிட்ட பிறகு சொல்லலாம் என்று மீட்டர்காரர் முடிவு செய்தார்.

சாப்பிட்ட பிறகு அவருக்குத் தூக்கம் வருவது போல இருந்தது. வராத தூக்கத்துக்காகச் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு மணி நேரம் கிடந்தார். மனைவி இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

கண்ணைத் திறந்தபோது மகள் கூடத்து மேஜையில் அவருடைய ஆல்பத்தை விரித்து வைத்திருந்தாள். பக்கத்தில் துணிச் சுருளில் வரிசையாக அவளுடைய வேலைச் சாமான்கள். மெழுகுப் பல்லைச் செதுக்குகிற சின்னக் கத்திகள், மயிரிழைத் தூரிகை, இடுக்கி.

"என்னம்மா பண்றே?"

"அவருக்குக் காட்டணும்ல. இந்தப் பட்டையெல்லாம் மஞ்சளாப் போச்சு. எடுத்துட்டுப் புதுசா ஒட்டிடறேன்."

ஆல்பத்தில் சில அட்டைகளின் அடிப்பகுதியில் விரல் அகலத்துக்குத் தாள் பட்டை ஒட்டியிருக்கும். சின்னவளாக இருக்கும்போது ஏன் என்று கேட்டிருக்கிறாள். முனை சுருளாமல் இருக்க என்று அவர் சொல்லியிருக்கிறார். அவளும் அதை நம்பிப் பசை தடவிக் கொடுத்திருக்கிறாள்.

மீட்டர்காரர் நாற்காலியிலிருந்து எழுந்து மேஜைக்கு வருவதற்குள் கத்தி நுனி முதல் பட்டைக்குள் நுழைந்துவிட்டது. பல் ஈறுக்குச் சேதம் வராமல் மெழுகை எடுக்கிற கை அது. பட்டை கிழியாமல் முழுசாகக் கழன்று வந்தது.

ஓட்டப் பந்தயக்காரி ஒருத்தியின் கையெழுத்து. அதற்குக் கீழே, இருபத்திரண்டு வருஷம் பட்டைக்கு அடியில் இருந்த வரி: 'குட்டிப் பெண்ணே, சீக்கிரம் எழுந்து நட. அதுவரைக்கும் உனக்கும் சேர்த்து நான் ஓடுகிறேன்.'

மகள் அதை இரண்டு தரம் படித்தாள். அடுத்த பட்டையை எடுத்தாள். 'படுக்கையில் இருந்தபடி சிரிக்கிறவளுக்கு.' அதற்கடுத்தது. 'உன் கால்களுக்காகப் பிரார்த்திக்கிறேன், கண்ணு.'

"அப்பா, இதெல்லாம் வேற யாருக்கோ வந்ததா? யார்கிட்டயாவது மாத்திக்கிட்டீங்களா?"

ஆமாம் என்று சொன்னால் முடிந்தது. சேகரிப்பவர்கள் ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்வது சகஜம்தான். பொய்யைக் கையில் எடுத்துக் கொடுத்தது போல அவளே கேட்டாள். மீட்டர்காரருக்கு அதை வாங்கிக்கொள்ள அப்போது தெம்பில்லை.

"உனக்கு வந்ததுதான்" என்றார்.

நின்றுகொண்டே சொன்னார். கடைக்காரர் சொன்ன யோசனை, நாலாவது கடிதம், எல்லாவற்றையும் சொன்னார். மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றாள். மகள் கத்தியைத் துணியில் துடைத்தாள். சுத்தமாக இருந்ததையே மறுபடி மறுபடி துடைத்தாள்.

"எத்தனை பேருக்கு எழுதினீங்க?"

"சில பேருக்கு."

"நோட்டைக் கொண்டாங்க."

கொண்டு வந்து கொடுத்தார். எந்தக் கடிதத்தில் என்ன எழுதினோம் என்று மறந்துவிடக் கூடாதே என்பதற்காக, அப்படி எழுதியவற்றுக்கு நேரே ஓரத்தில் சிவப்பு மையில் சின்னக் கோடு போட்டு வைத்திருந்தார். ஒழுங்கான மனிதர். மகள் விரலை வைத்து ஒவ்வொரு பக்கமாக எண்ணினாள்.

"நாற்பத்தொண்ணு."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நெட்டைதான் அப்போ பதிலே போடலையே. அப்புறம் எதுக்கு மத்தவங்களுக்கு எழுதினீங்க?"

"மத்தவங்க போட்டாங்க" என்றார் மீட்டர்காரர்.

மகள் நோட்டை மூடினாள்.

"தபால்காரர் மணியடிச்சா நான்தானே ஓடுவேன். மூணு மாடி. கால்ல செருப்புகூடப் போடாம. ஞாபகம் இருக்கா?"

"இருக்கும்மா."

"நான் எழுந்திருக்கவே முடியாம கிடக்கேன்னு வந்த பதிலை எல்லாம் நானே ஓடிப்போய் வாங்கிட்டு வந்திருக்கேன்." அவள் குரல் உயரவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. "ஆஸ்பத்திரியில என்னைப் பாத்துட்டு அப்படி அழுதீங்களே. அம்மாகூட அப்படி அழலை. எங்கப்பாவுக்கு என் மேல இவ்வளவு பாசமான்னு நினைச்சேன்."

"பாசம்தாம்மா. பாசமும்தான். நான் அப்படி எழுதினதாலதான் உனக்கு இப்படி ஆச்சோன்னு…"

"ரோட்டுல எண்ணெய் கொட்டியிருந்தது, வண்டி வழுக்குச்சு. உங்க கடுதாசியால ஒண்ணும் ஆகலை. அதுக்கு அழாதீங்க. எழுதினதுக்கு அழுங்க."

அவர் அழுதார். முப்பது வருஷம் ஊருக்கெல்லாம் சரியான கணக்கு எழுதிக் கொடுத்த கை முகத்தை மூடிக்கொண்டிருந்தது. மனைவி பக்கத்தில் வரவில்லை.

வாசல் மணி அடித்தது. நாலு அடிக்கப் பத்து நிமிஷம் இருந்தது. நெட்டை ஆட்டத்துக்கும் சீக்கிரமே வந்துவிடுகிறவர் என்று பத்திரிகைகளில் எழுதுவார்கள்.

மகள் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு தானே போய்க் கதவைத் திறந்தாள்.

நெட்டை நிலையில் இடிக்காமல் குனிந்து உள்ளே வந்தார். தலை முழுக்க வெளுத்திருந்தது. வலது கையில் இரண்டு விரல்கள் உடைந்து கோணலாகச் சேர்ந்தவை. காலணிக்குப் பாலிஷ் போட்டு, சட்டையைக் கஞ்சி போட்டுத் தேய்த்து, ஏதோ பரிசளிப்பு விழாவுக்கு வருகிறவர் போல வந்திருந்தார். அவளைப் பார்த்தார். ஊன்றுகோலைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார்.

"நீங்கதானா அது?"

"நான்தான் சார்."

"நடக்கிறீங்க." கையிலிருந்த பையைக் கீழே வைத்தார். "நடக்கிறீங்களேம்மா."

மகள் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மீட்டர்காரர் சுவரோரமாக ஒதுங்கி நின்றார்.

"ஆமா சார். இப்ப நடக்கிறேன்" என்றாள்.

நெட்டை உட்கார்ந்தார். மனைவி டீ கொண்டு வந்து கொடுத்தாள். அவர் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமலே பேசினார்.

"அந்த வருஷம் எனக்குத் தோள்ல அடி. இனிமே ஆட முடியாதுன்னுட்டாங்க. தபாலைப் பிரிக்கவே மனசு வரலை. கிளப்புல மூட்டையாக் கிடந்தது. போன மாசம் பிரிச்சேன். மூணாவதாக் கையில வந்தது உங்கப்பா கடிதம். ஒரு கையெழுத்துப் போட எவ்வளவு நேரம் ஆகும்? அரை நிமிஷம். ஒரு குழந்தை படுக்கையில காத்துக்கிட்டு இருந்திருக்குமேன்னு நினைச்சா எனக்குத் தூக்கமே இல்லம்மா."

"காத்துக்கிட்டெல்லாம் இருக்கலை சார். அதுக்கு முன்னாடியே ரேடியோவுல உங்களை எவ்வளவோ கேட்டுட்டேனே. எனக்கு அது போதும்."

"எப்ப எழுந்து நடந்தீங்க?"

"பத்து வயசுல. முதல்ல சுவரைப் பிடிச்சுக்கிட்டு. அப்புறம் இது வந்துச்சு." ஊன்றுகோலைத் தட்டிக் காட்டினாள்.

நெட்டை சிரித்தார். சிரித்துக்கொண்டே புறங்கையால் கண்ணைத் துடைத்தார். பிறகு பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்து அவள் மடியில் வைத்தார். உள்ளங்கை தேய்ந்துபோன ஒரு ஜோடி கையுறைகள்.

"கடைசி ஆட்டத்துல போட்டது. உங்களுக்குத்தான்."

மீட்டர்காரர் பார்த்துக்கொண்டே நின்றார். சின்ன வயதில் பந்தடித்துப் பக்கத்து வீட்டுக் கண்ணாடியை உடைத்துவிட்டு, தானே அந்த வீட்டு மணியை அடித்து 'நான்தான் உடைச்சேன்' என்று சொன்ன பெண் இவள். அவள் இப்போது எவ்வளவு கோர்வையாகப் பேசுகிறாள். அவர் எழுதிய கடிதத்தை, அவர் விட்ட இடத்திலிருந்து எடுத்து அடுத்த பக்கம் எழுதுகிறாள். அதை அவரால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. அதோடு, உண்மையைச் சொல்லுவோம், இந்த ஒரு தடவையாவது தான் யோக்கியனாக ஆகிவிட வேண்டும் என்று அவருக்கு ஓர் அவசரமும் வந்தது.

"சார், அது பொய்" என்றார்.

நெட்டை திரும்பினார்.

"இவளுக்கு அப்போ ஒண்ணுமே இல்ல சார். நல்லா ஓடி ஆடிட்டு இருந்தா. உங்க கையெழுத்து வேணும்னு நான்தான் அப்படி எழுதினேன். இந்தக் கால் எட்டு மாசத்துக்கு முன்னாடி ஸ்கூட்டர்ல விழுந்து ஆனது. பாவம், இவளுக்கே இன்னிக்கு மத்தியானம்தான் தெரியும்."

சொல்லி முடித்ததும் உடம்பு லேசானது போல இருந்தது. ஒரு விநாடிதான். ஏனென்றால் நெட்டை அவரைப் பார்க்கவே இல்லை. மகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ அந்தப் பத்து வயசு? சுவரைப் பிடிச்சுக்கிட்டு நடந்தது?"

மகள் குனிந்தாள். பிடிபட்டவர்கள் குனிகிற மாதிரி, கழுத்தோடு குனிந்தாள். பிறந்ததிலிருந்து அவள் யார் முன்னாலும் அப்படிக் குனிந்து மீட்டர்காரர் பார்த்ததில்லை.

"அவர் எழுதினது கையெழுத்துக்காக. அது புரியுது. எவ்வளவோ பேர் என்னென்னவோ எழுதுவாங்க. நீங்க எதுக்கும்மா என்னை ஏமாத்தினீங்க?"

"உங்க முகத்தைப் பாத்தேன் சார்" என்றாள் மெதுவாக.

நெட்டை கோப்பையைக் கீழே வைத்தார். "ஒரு மாசமாக் கஷ்டப்பட்டேன். இப்போ பத்து நிமிஷம் ரொம்ப சந்தோஷமா இருந்தேன். ரெண்டுமே இல்லைங்கறீங்க."

மகள் கையுறைகளைச் சேர்த்து எடுத்து நீட்டினாள். வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வார் என்று மீட்டர்காரர் எதிர்பார்த்தார். நெட்டை அவற்றை வாங்கி, அதே தாளில் சுற்றி, பையில் வைத்துக்கொண்டார். கோணல் விரல்களால் சுற்றக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"வரேம்மா" என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டார். நிலையில் குனிந்து வெளியே போனார். படியில் அவர் காலடிச் சத்தம் மூன்று மாடியும் கேட்டு, நின்றது.

மீட்டர்காரர் மகளின் எதிரில் வந்து உட்கார்ந்தார். "மனசு கேக்கலைம்மா. நீ பொய் சொல்றதைப் பாத்துக்கிட்டு என்னால சும்மா இருக்க முடியலை."

மகள் நிமிர்ந்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை.

"உண்மையைச் சொல்ல உங்களுக்கு இருபத்துமூணு வருஷம் இருந்துச்சுப்பா. இன்னிக்குக் காலையிலேருந்து நாலு மணி வரைக்கும் இருந்துச்சு. நான் அந்த மனுஷனுக்காக வாயைத் திறந்த அந்தப் பத்து நிமிஷந்தானா உங்களுக்குக் கிடைச்சுது?"



மகள் ஊன்றுகோலை எடுத்து எழுந்தாள். ஆல்பத்தைத் தொடவில்லை. நோட்டை மட்டும் எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு தன் அறைக்குப் போனாள்.

"அது எதுக்கும்மா?" என்றார். கதவு சாத்திக்கொண்டது.

மேஜை மேல் கழற்றிய பட்டைகள் சுருண்டு கிடந்தன. மனைவி ஆறிப்போன டீயை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மீட்டர்காரர் உட்கார்ந்தே இருந்தார். வெளிச்சம் ஜன்னலை விட்டு நகர்ந்தது.

அரை மணி கழித்து அறைக்குள்ளிருந்து மகளின் குரல் கேட்டது.

"அம்மா, நம்ம வீட்டுல எத்தனை உறை இருக்கு? எனக்கு நாற்பத்தொண்ணு வேணும்."

அறுபத்திரண்டு. அலமாரியின் கீழ்த்தட்டில், ரப்பர் பாண்ட் போட்டு இரண்டு கட்டாக. மீட்டர்காரர் சட்டென்று எழுந்துவிட்டார். வாயைத் திறந்தவர் அப்படியே நின்றார். அவள் அவரைக் கேட்கவில்லை.